பேசாத நிறுவல் பட்டியலும் எனக்கு வந்த குறிப்பாணையும்

அனுப்புநர்:
கணினிப் பராமரிப்பாளர்,
கிளை நூலகம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது நூலகத் துறை.

பொருள்: புதிய இயங்குதளம் நிறுவும் பட்டியலில் குரல் வசதி சேர்க்கவும், என் மீதான குறிப்பாணையைத் திருத்தவும் வேண்டுதல்.

பார்வை: கணினிப் பிரிவின் குறிப்பாணை, சென்ற வெள்ளியன்று கிடைக்கப்பெற்றது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பதினோரு ஆண்டுகளாக இந்நூலகத்தின் பதினெட்டுக் கணினிகளையும் பராமரித்து வருகிறேன். அவற்றில் இயங்குதளம் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) நிறுவியதும் நானே. அதற்கென ஒரு பென் டிரைவ் வைத்திருந்தேன். அதைச் செருகிக் கணினியை இயக்கினால் ஒரு 'பீப்' ஒலி வரும். உடனே ஓர் எழுத்தைத் தட்டினால், அதன்பின் திரையில் வருவதையெல்லாம் வாசித்துச் சொல்லும். துணைக்கு எவரையும் கூப்பிட்டதில்லை.

2. இவ்வாண்டு எல்லாக் கிளைகளிலும் இயங்குதளத்தை மாற்றத் திட்டமிட்டபோது, எங்கள் கணினிகளில் எவற்றுக்கு நெட்வொர்க் வழியாக நிறுவலாம், எவற்றுக்குப் பென் டிரைவ்தான் ஒத்துவரும் என்று தனித்தனியே எழுதி அனுப்பினேன். நெட்வொர்க் வழியாக நிறுவும்போது எதை, எப்படி நிறுவுவது என்று தேர்ந்தெடுக்கத் திரையில் வரும் நிறுவல் பட்டியல் பேசாது என்பதையும், அதைப் பேச வைக்கும் வழியையும் அதிலேயே குறிப்பிட்டேன். "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரிப் பதில் வந்தது. அடுத்த வாரமே, பென் டிரைவ் பயன்படுத்தக் கூடாது, நெட்வொர்க் வழியாகவே நிறுவ வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

3. பழைய கோப்புகளை அழிக்காமல் நிறுவும் வரி அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று கணினிப் பிரிவுத் தலைவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "முதல்லயே இருக்கும்மா, என்டர் தட்டினாப் போதும்" என்றார். அப்படியே செய்தேன். முந்தின நாள் மாலை வரிசையை மாற்றி, வட்டை முழுவதும் அழிக்கும் வரியை முதலில் வைத்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. வாசிப்பறைக் கணினி துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. நகல் எடுக்காமல் தொடங்கியது என் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

4. அழிந்தவை, பார்வையற்ற வாசகர்களுக்காக ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் தினமும் வந்து வாசித்துப் பதிந்த சட்டப் பாடங்கள். தேர்வு எழுதவிருக்கும் ஒரு பெண் அவற்றையே நம்பியிருந்தாள். பாதி அவர் கைபேசியில் இருந்து கிடைத்தது. ஒன்பது பாடங்கள் போயே போயின. நடந்ததை அவரிடம் சொன்னேன். அவரோ, "அதுக்கென்னம்மா, முதல் தடவை நிறைய இடத்துல தடுமாறிட்டேன், இப்பத் திருத்தி வாசிக்கிறேன்" என்று அன்றே உட்கார்ந்துவிட்டார். தொண்டை கட்டிய குரலில் நேற்றுதான் ஒன்பதாவது பாடத்தை முடித்தார். தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

5. குறிப்பாணையில், "பணியாளரின் பார்வைக் குறைபாட்டால் நேர்ந்த இழப்பு" என்று எழுதியுள்ளனர். இனி நான் புத்தகங்களுக்கு முத்திரை குத்தினால் போதுமாம்.

6. அதே வாரம் பக்கத்துக் கிளையிலும் இரண்டு கணினிகள் அழிந்தன. அங்கே கணினிகளைப் பராமரிக்கும் இளைஞருக்குக் கண் நன்றாகத் தெரியும். அவரே என்னை அழைத்து, "அக்கா, ஒரு போன் வந்துச்சு, எடுத்துப் பேசிட்டுத் திரும்புறதுக்குள்ள அதுவே ஆரம்பிச்சிருச்சு" என்றார். பத்து விநாடிக்குள் எதையும் தட்டாவிட்டால் முதல் வரி தானாக ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். அவருக்கு வந்த கடிதத்தில் காரணம் "தொழில்நுட்பக் கோளாறு" என்று இருக்கிறது. அது சரியான காரணம். அவர் சம்மதத்துடன் அதன் நகலை இணைத்துள்ளேன். எனக்கும் அதே காரணத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

7. பட்டியலில் குரல் வசதியைச் சேர்க்க அரை நாள் வேலைதான். ஆணையிட்டால் நானே வந்து செய்து தருகிறேன். அதுவரை பென் டிரைவ் பயன்படுத்தவும், என் பழைய பணியைத் தொடரவும் அனுமதிக்க வேண்டுகிறேன்.

8. வரும் திங்களன்று மேலும் ஆறு கிளைகளில் இதே முறையில் நிறுவப் போவதாக அறிகிறேன். ஆகவே, என் கோரிக்கைகளைப் படித்து முடிவெடுக்கும் முன்பாக, அந்தப் பத்து விநாடிக் கணக்கை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். என் காரியம் ஒரு வாரம் பொறுக்கும், ஐயா. அது பொறுக்காது.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
கணினிப் பராமரிப்பாளர்

இடம்: கிளை நூலகம், கணினி அறை
நாள்: 14, வியாழன்

இணைப்பு: குறிப்பாணை நகல், பக்கத்துக் கிளைக் கடித நகல், நான் முன்பு அனுப்பிய நிறுவல் திட்டம்.