மணல் மூட்டை இருந்த இடத்தில் நீங்கள்

நேற்று நம் மகள் புதுக் கார் எடுத்து வந்தாள். என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினாள். புது நாடாவின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. "என்னம்மா ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அறுபதுகளில், நமக்குக் கல்யாணமான புதிதில், பிரேசர் டவுனில் வாடகைக்கு இருந்தோம். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நீங்கள் வண்டிகளைச் சோதிக்கும் ஆபீஸில் இன்ஜினியர். நேருக்கு நேர் மோதி, ஸ்டியரிங் தண்டு நெஞ்சில் ஏறிய டிரைவர்களை என் வார்டுக்குத்தான் தூக்கி வருவார்கள். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லி அழுவேன்.

அப்போதுதான் அந்த வரைவு வந்தது. முன்பக்கம் மோதினால் உள்ளே இருப்பவர் பிழைக்க வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கூடிப் பொது விதிகள் எழுதிக்கொண்டிருந்தன; உங்கள் ஆபீஸிடமும் கருத்துக் கேட்டிருந்தார்கள். சோதித்துப் பார்க்காமல், வெறுமனே படித்துவிட்டுப் பதில் எழுத உங்களுக்கு மனம் வரவில்லை. ஊரின் மறுபக்கம், அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் பின்புறம், சரிவான தண்டவாளத்தில் கார் சீட் வைத்த டிராலி ஒன்றை நிறுத்தினீர்கள். கீழே மரக்கட்டைத் தடுப்பு. முதலில் மணல் மூட்டையை பெல்ட் போட்டு உருட்டிவிட்டீர்கள். தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு போல்ட் பிய்ந்து வர, மூட்டை பறந்துபோய் வெடித்தது. பெல்ட்டை அடிச்சட்டத்தோடு சேர்த்து முடுக்கினீர்கள். அடுத்த மூட்டை அசையாமல் நின்றது.

"மூட்டைக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது சரோ. நான் உக்காரப் போறேன்."

"வேணாங்க. வார்டுல தினம் பாக்குறது போதாதா?"

"மெதுவாத்தான் விடுவாங்க. நீ பக்கத்துல நில்லு, போதும்."

நின்றேன். முதலுதவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டேன். மேலே டிராலியின் கொக்கியைப் பிடித்திருந்த மெக்கானிக் "ஆயிதா சார்?" என்று கன்னடத்தில், தயாரா எனக் கேட்டார். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் கொக்கியை விட்டார்.

இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். உங்கள் தலை முன்னால் தொங்கியது. சரிவில் ஓடி இறங்கி உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன். என் விரலில் அடித்த நாடி உங்களுடையதா என்னுடையதா என்றே தெரியவில்லை. "ஏங்க, ஏங்க" என்று கத்தினேன்.

"கத்தாதேடி... இருக்கேன்."

விலா எலும்பில் விரிசல்; என் வார்டிலேயே சேர்த்தார்கள். தோளிலிருந்து இடுப்பு வரை பெல்ட் பதிந்த இடம் கறுத்துப்போனது. பெல்ட்டை அடிச்சட்டத்தில்தான் பொருத்த வேண்டும், நாடா அகலமாக இருக்க வேண்டும் என்று கட்டிலில் படுத்தபடியே சொல்லி, என்னை எழுத வைத்து அனுப்பினீர்கள். அது அங்கே யார் கைக்குப் போனது, யாராவது படித்தார்களா, நமக்குத் தெரியவே இல்லை.

அந்த வார்டில் ஒரு மத்தியானம், நான் உங்கள் கட்டு மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னீர்கள்: "வேணாம், நிறுத்துங்கன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன் சரோ. குரலே வரல. யார்கிட்டயும் சொல்லிடாதே."

சொல்லவில்லை. ஆபீஸில் உங்களைத் துணிச்சல்காரர் என்றார்கள். நீங்கள் போன அன்று வீட்டுக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள், தலையாட்டினேன். எதிரே ஒரு வண்டி வேகமாக வந்தால் இன்றைக்கும் எனக்குத் தெரிவது, குரல் வராமல் திறந்திருந்த உங்கள் வாய்தான். துணிச்சலை ஊருக்குக் கொடுத்தீர்கள். பயத்தை என்னிடம் மட்டும் கொடுத்தீர்கள். அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறேன்.