மஞ்சள் கயிறு கட்டிய தூர்

ஜன. 18, ஞாயிறு

காலையில் பனி. ஒன்பது மணிக்கே சுள்ளென்று வெயில். கயத்தாறு பக்கத்து வயல். வறட்சி தாங்குமா பார்க்கப் பூத்ததும் தண்ணீரை நிறுத்திய வயல், கரிசல் வெடிப்பில் செருப்பு மாட்டிக்கொண்டது.

ஒட்டுச் சேர்த்த நெல், இரண்டாம் தலைமுறை. தூருக்குத் தூர் வேறு குணம். பெரும்பாலும் கதிரின் அடிப்பக்கம் பதர். மாவுச்சத்து தண்டிலேயே தங்கிவிடுகிறது, மணிக்கு ஏறுவதில்லை.

ஒன்றே ஒன்றில் தண்டு காலி. கதிர் அடிவரை மணி! தனியாக நின்று பைத்தியம் மாதிரி சிரித்தேன். அடையாள அட்டை தீர்ந்துவிட்டது. பொங்கல் பானைக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள் கயிறு பையில் இருந்தது, அதைக் கட்டினேன். சோதனைக்கு இலை கிள்ளியாயிற்று. மணி இன்னும் கொஞ்சம் முற்றட்டும். வெள்ளிக்கிழமை அறுக்கலாம்.

வாங்க: அட்டை, சோப்பு, தலைவலி மாத்திரை.

ஜன. 21, புதன்

ஆய்வக முடிவு வந்தது. சர்க்கரையை மணிக்கு ஏற்றும் மரபணுக்கள் மூன்றும் சேர்ந்து வந்திருப்பது அந்தத் தூரில் மட்டும். கைடு சாரே போன் செய்தார், அதிசயம். "மார்ச்சோட உன் ஃபெலோஷிப் முடியுது. அந்த விதை கையில இருந்தா நீட்டிச்சுக் கேக்கலாம்மா."

மெஸ் சாம்பார்கூட ருசித்தது.

ஜன. 23, வெள்ளி

தூரைக் காணோம். அறுத்த அடித்தாள் மட்டும் நின்றது.

வயல்காரர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுபவர், வாய் நிறையச் சிரிப்போடு வந்தார். "அம்மனுக்கு நேந்துதான கயிறு கட்டியிருந்திய டீச்சர்? நேந்த கதிரை மொதல்ல அறுக்கணும்லா. நேத்தே அறுத்துக் காயவச்சு, விடிய இடிச்சு, மாவிளக்கு மாவுல சேத்துட்டேன். தை வெள்ளில்லா. உங்களுக்கு நல்ல மாப்பிள்ள தகையணும்னு நானும் வேண்டிக்கிட்டேன்."

என் முகத்தைப் பார்த்து வயல்கார அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. "ஏட்டி, என்ன காரியம் செஞ்சிருக்க! அவிய வெதைக்குல்லா வச்சிருந்தாவ!"

மதினி அழ ஆரம்பித்தார். நான் தேற்ற வேண்டியதாயிற்று. எரிச்சல். என் அழுகைக்கு முறையே வரவில்லை. மாவிளக்கில் ஒரு உருண்டை எனக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார். தின்றேன். வெல்லம் தூக்கல்.

சாரிடம் சொன்னேன். "அடித்தாள் மறுபடி துளிர்க்கும், தண்ணி விடு." விட்டோம்.

ஜன. 30, வெள்ளி

மேகமூட்டம். துளிர் இல்லை. அடித்தாள் சருகாகிவிட்டது. மீண்டு வர அதில் சத்து இருந்தால்தானே! இருந்ததையெல்லாம் மணிக்கு ஏற்றிவிட்டது. அந்தக் குணத்தைத்தானே மூன்று வருடம் தேடினேன். கயிறு கட்டிய என்மேல்தான் வெறுப்பு.

மதினி தினம் ஒரு குடம் ஊற்றியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

சாருக்குப் போன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரிம்மா. போறப்ப லேப் சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டுப் போ."