பிறந்த வீட்டாருக்குத் தண்ணீர்

சிகோவா குட்டை
14 செப்டம்பர் 1991

யானைக் குலத்து மகளே, என் நொமாகுகு,

நலமா? புலவாயோவில் உன் அண்ணன் வீட்டார் நலமா? காட்டெருமைக் குலத்தான் நான் இங்கே ஒற்றை ஆளாகச் சமைத்துத் தின்கிறேன். கீரையில் தினமும் உப்பு கூடிப்போகிறது.

மற்ற குட்டைகள் எல்லாம் வற்றிவிட்டன. என் இன்ஜின் இறைக்கிற தண்ணீர்தான் காட்டுக்கு மிச்சம். காலையில் பதினோரு வரிக்குதிரை, ஒரு குடு மான் கூட்டம், காது கிழிந்த சிறுத்தை ஒன்று. பத்து மணிக்கு மேல் உன் பிறந்த வீட்டார். நேற்று எண்பத்து மூன்று யானை! ஒற்றைத் தந்தக் கிழவர் குழாய் வாயில் குடித்து முடிக்கும்வரை யாரும் கிட்டே போவதில்லை. தொப்பியைக் கழற்றி, "வாங்க மாமா" என்றேன். என் மேலெல்லாம் சேற்றை அடித்தார். அசல் உன் அப்பா.

ஒரு வரியாவது எழுது.

உன் லுங்கிசானி


புலவாயோ
25 செப்டம்பர்

லுங்கிசானி,

பஸ் கண்டக்டர் கடிதத்தைக் கொடுத்தார்.

என் அப்பாவை யானையாக்கிச் சிரிக்காதே. போன அக்டோபரில் அவரைப் புதைத்தபோது நீ எங்கே இருந்தாய்? சாவுக்கு அடிக்கிற மாட்டை உரிக்க வேண்டியவன் மாப்பிள்ளை. எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் எதிர்வீட்டுக்காரன் உரித்தான். "உன் புருசனுக்கு யானைங்கதான் சொந்தம், நாமெல்லாம் யாரு?" என்று சித்தி எல்லார் முன்னாலும் கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அதனால்தான் உன்னிடம் திரும்பி வரவில்லை.

அக்டோபர் 26, சனிக்கிழமை, வருடச் சடங்கு செய்து அப்பாவின் ஆவியை வீட்டுக்கு அழைக்கிறோம். அன்றும் மாடு உண்டு. உன்னைக் கூப்பிடவில்லை, தெரிவிக்கிறேன். அவ்வளவுதான்.

நொமாகுகு


சிகோவா குட்டை
9 அக்டோபர்

நொமாகுகு,

நீ திட்டியது அத்தனையும் சரி.

அன்று துணியை மடித்து வைத்துக்கொண்டு மாற்றாள் ம்போஃபுவுக்காகக் காத்திருந்தேன். அவன் வரவில்லை. இரண்டு யானைக்குட்டிகள் சேற்றில் சிக்கியிருந்தன. இன்ஜினை நிறுத்தியிருந்தால் சேறு இறுகி அவை செத்திருக்கும். பஸ் போகிற சத்தம் கேட்டது. ஓடிப் பிடித்திருக்கலாம், ஓடவில்லை. இதை ஒரு காரணமென்று உனக்கு எப்படிச் சொல்வது? வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன். மன்னித்துவிடு.

இப்போது வேறு தொல்லை. திங்கட்கிழமை இன்ஜின் பெல்ட் அறுந்துவிட்டது. அளவு பி-68. புதியது வர இரண்டு வாரமாகுமாம். சைக்கிள் டியூபைச் சுற்றி ஓட்டுகிறேன், அரை மணிக்கொருமுறை அறுகிறது. யானைகள் காய்ந்த குழாயில் தும்பிக்கையை வைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒற்றைத் தந்தக் கிழவர் நேற்று படுத்துவிட்டு எழ வெகுநேரமாயிற்று. பார்க்கச் சகிக்கவில்லை.

கூப்பிடாவிட்டாலும் 26-ம் தேதி வந்து நிற்க நினைத்திருந்தேன். இவர்களை இப்படி விட்டுவிட்டு எப்படி வருவேன்?

லுங்கிசானி


புலவாயோ
12 அக்டோபர்

லுங்கிசானி,

கண்டக்டரிடம் இரண்டு பெல்ட் கொடுத்தனுப்பியிருக்கிறேன். "மாவு மில்லுக்காம்மா?" என்றான் கடைக்காரன். "இல்லப்பா, எங்க பொறந்த வீட்டுக்கு" என்றேன். அவன் திருதிருவென்று விழித்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மடையா, ஒரு வருடமாக இதை எழுத உனக்கு ஒரு தாள் கிடைக்கவில்லையா? சித்தியிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "குட்டிங்கள சேத்துல விட்டுட்டு வந்திருந்தா, உங்கப்பன் பொணமா இருந்தாலும் எந்திரிச்சு அவன அடிச்சுத் தொரத்தியிருப்பான்."

முதலில் பெல்ட்டை மாட்டு.

நொமாகுகு


சிகோவா குட்டை
15 அக்டோபர்

என் நொமாகுகு,

அப்பாடா! தண்ணீர் வந்துவிட்டது. கிழவர் குழாயை விடாமல் குடித்தார். குட்டிகள் குட்டைக்குள் விழுந்து புரண்டன. நான் குழாயடியில் உட்கார்ந்து அழுதேன், யாரிடமும் சொல்லாதே.

ம்போஃபுவை இப்போதே வரவழைத்துவிட்டேன். என் கட்டிலில் குறட்டை விடுகிறான். 26-ம் தேதி நான் வரலாமா?

லுங்கிசானி


புலவாயோ
19 அக்டோபர்

என் லுங்கிசானி,

கேள்வியைப் பார்! எதிர்வீட்டுக்காரனிடம், "இந்தத் தடவ எங்க வீட்டு மாப்பிள்ளை உரிப்பாரு" என்று சித்தி சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வா. கத்தியைத் தீட்டி எடுத்து வா. திரும்பும்போது நானும் வருகிறேன், அதுவரை கீரையில் உப்பைப் பார்த்துப் போடு.

உன் நொமாகுகு