யாரும் சொல்லாத வாக்கியம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், அதில் முக்கால் பங்கு உண்மை, மீதியைக் கீழே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, குழந்தையின் காதை மூடாமல் வெளியே கூட்டிப் போகாதே. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எல்லாம் அதிகாரம் பண்ணுகிறார், சொட்டு மருந்தோடு நான் போனால் மட்டும் பச்சைக் குழந்தை மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். இத்தனை வருடம் தெரியாத தூசியெல்லாம் இப்போது தெரிகிறதாம், வீட்டை ஒழுங்காகப் பெருக்குவதே இல்லையா என்று கேட்டார், துடைப்பத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான், வாரம் ஒரு தடவை வந்து அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுத் துவைத்ததை எடுத்துக்கொண்டு போகிறான், அதற்குப் பெயர் அம்மாவைப் பார்க்க வருவது.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் படித்தேன். உன் காலத்து ஆபீஸ் இங்கிலீஷ் எனக்கு வராதும்மா, ஒரு தடவை பார்த்துக் கொடு, வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போடணும் என்று எழுதியிருந்தாய். பிழை என்று ஒன்றும் இல்லை, ஒரு கமா கூட இடம் மாறவில்லை, படிக்கப் படிக்கப் பெருமையாகத்தான் இருந்தது. நான்காவது பத்தி வரைக்கும். ஏணியிலிருந்து விழுந்து இறந்துபோன அந்த வெல்டரைப் பற்றி 'இட் இஸ் பிலீவ்ட் தட்' என்று ஆரம்பித்து, அவருக்குப் பாதுகாப்பு பெல்ட் போட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை என்று நம்பப்படுவதாக எழுதியிருக்கிறாய். யார் நம்புகிறார்கள் கண்ணு? போனில் கேட்டிருப்பேன், நீ சரி விடும்மா, எல்லா ரிப்போர்ட்டும் அப்படித்தான் இருக்கும் என்று முடித்துவிடுவாய். எல்லா ரிப்போர்ட்டும் அப்படித்தான் இருக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன், அப்பா இதை போனில் படம் பிடித்து அனுப்புவார், ஓரத்தில் அவர் கட்டைவிரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

நான் அட்டைப்பெட்டி கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தது உனக்குத் தெரியும். அங்கே சாமான் ஏற்றும் லிஃப்டை ஓட்டியவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கலகலப்பான மனுஷர். ஒவ்வொரு மாடியிலும் நின்று, ரெண்டாவது மாடி, பேப்பர் ரோல், பசை நாத்தம், மேனேஜர் திட்டு, வேணுங்கறவங்க எறங்கலாம் என்று ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ராகம் போட்டுச் சொல்வார். ஒரு நாள் காலை லிஃப்டின் கம்பிக் கயிறு அறுந்து, அதோடு அவரும் கீழே வந்து அங்கேயே போய்விட்டார். கயிறு நைந்து போயிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மதியத்துக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்றார் மேனேஜர். எங்கள் ஆபீசில் எந்தக் கடிதத்தையும் புதிதாக எழுதுவதில்லை, அதே மாதிரி பழைய கடிதம் ஒன்றை ஃபைலில் இருந்து எடுத்து மெஷினுக்கு இடது பக்கம் வைத்துக்கொண்டு, தேதி, பெயர், நேரம், எடை இவற்றை மட்டும் மாற்றி அடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். நான்கு வருடத்துக்கு முன்னால் வேறொரு லிஃப்ட் ஆள் காலை உடைத்துக்கொண்டதற்கு ஒரு ரிப்போர்ட் இருந்தது. அதைத்தான் வைத்துக்கொண்டேன். அழுதுகொண்டேதான் அடித்தேன், ஆனால் என் விரல் நிற்கவில்லை. அந்தப் பழைய ஆள் அதிக பாரம் ஏற்றியதற்காக இரண்டு முறை நிஜமாகவே எச்சரிக்கப்பட்டவர். அந்த வரியையும் சேர்த்து அடித்துவிட்டேன். 'இட் இஸ் அண்டர்ஸ்டுட் தட்', இவர் முன்பே இரண்டு முறை எச்சரிக்கப்பட்டிருந்ததாகத் தெரியவருகிறது. யாருக்குத் தெரிய வந்தது? யாருக்கும் இல்லை. எங்கள் லிஃப்ட்காரரை ஒருவரும் ஒரு நாளும் எச்சரித்ததில்லை.

மேனேஜர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், சூப்பர்வைசர் சொல்லியிருப்பார் என்று அவர் நினைத்தார். சூப்பர்வைசர் படித்தார், மேனேஜருக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்தார். விசாரணைக்கு வந்த அதிகாரி தன் ரிப்போர்ட்டில், இறந்தவர் எச்சரிக்கையை மீறி நடந்ததாக ஏற்கனவே தெரிவிக்கப்பட்டுள்ளது என்று எழுதினார். யார் வாயிலிருந்தும் வராத பேச்சு இரண்டு ரிப்போர்ட்டில் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் கார்பன் காப்பியை ஃபைலில் கோக்கும்போதுதான் என் கண்ணில் பட்டது. பெரிய கிளார்க்கிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யார் சொன்னாங்கன்னு அதுல எங்கயாவது இருக்கா, இல்லல்ல, அப்புறம் எதுக்குப் பயப்படறீங்க, போய் வேலையப் பாருங்க என்றார். போய் வேலையைப் பார்த்தேன். உனக்கு அப்போது இரண்டரை வயது, அப்பாவுக்கு வேலை இல்லாத சமயம், இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான் என்று சொல்கிறேன்.

அன்றிலிருந்து அந்த வரி என்னை விட்டதில்லை. துணி மடிக்கும்போது வரும். உன் கல்யாணத்தில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோது வந்தது. நான் ஏன் நான்கு மாடியும் படியிலேயே ஏறுகிறேன் என்று நீயும் தம்பியும் கிண்டல் பண்ணுவீர்கள், முட்டிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாகப் புளுகுவேன். லிஃப்டில் நான் தனியாக ஏறினால் கதவு மூடியதும் பின்னால் ஒருவர் நிற்கிறார். பயமுறுத்த மாட்டார், கோபப்பட மாட்டார். டைப்பிஸ்டம்மா, அந்த ரெண்டு தடவ என்னைக் கண்டிச்சது யாரு, எனக்கே ஞாபகம் இல்லையே என்று மரியாதையாகக் கேட்பார். திரும்பிப் பார்த்தால் கண்ணாடியில் நான் மட்டும்தான் இருப்பேன். பைத்தியம் என்று நினைக்காதே. பதில் தெரிந்த கேள்வியை இருபத்தாறு வருடமாக ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தால் உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

இவ்வளவு நாள் வாயைத் திறக்காதவள் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், கண் ஆஸ்பத்திரியில் அப்பாவைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் ஒரு கெட்டிக்காரப் பெண். பேச்சுவாக்கில் நான் வேலை பார்த்த கம்பெனி பெயரைச் சொன்னேன். அவள் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது. எங்க அப்பாவும் அங்கதான் லிஃப்ட் ஓட்டினார் என்றாள். அவர் போனபோது இவள் கைக்குழந்தையாம். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டேன். இருக்காங்க, ஆனா அப்பா மேல இன்னும் கோவம்தான், ரெண்டு தடவ கம்பெனில கண்டிச்சிருக்காங்க, வீட்ல ஒரு வார்த்த சொல்லல, சொல்லியிருந்தா நான் போகவே விட்டிருக்க மாட்டேன்னு சொல்வாங்க என்றாள். ஆபீஸ் ஃபைலோடு அந்த வரி மக்கிப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேனடி. அது ஒரு வீட்டுக்குள் போய்க் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் உன் ரிப்போர்ட்.

கம்பெனியை மூடி எத்தனையோ வருடம் ஆகிறது, மேனேஜரும் பெரிய கிளார்க்கும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், திருத்தம் போடுவதற்குக் காகிதம் கூட எங்கும் இல்லை. அந்த அம்மாள் ஒருத்திதான் மிச்சம். நர்ஸிடம் விலாசம் வாங்கிக்கொண்டு நேற்று காலை போனேன். கிளம்பும் முன் அப்பாவிடம் முதல் தடவையாகச் சொன்னேன், அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார், நானும் வரட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். இரண்டு அறை வீடு, ஜன்னல் ஓரம் இஸ்திரி மேஜை, நாற்காலி முதுகில் மகளின் வெள்ளைக் கோட்டு. அந்த அம்மாள் முகம் கொடுத்துப் பேசினாள், தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதைச் சொல்ல ஆரம்பித்தால் வாயில் என்ன வருகிறது தெரியுமா, அந்தச் சமயத்தில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்று வருகிறது. தானாக நேர்ந்த மாதிரி. நிறுத்தினேன். தண்ணீரைக் குடித்துவிட்டு, அக்கா, அந்த வரிய அடிச்சது நான், உங்க வீட்டுக்காரர யாரும் கண்டிக்கவே இல்ல, அது வேற ஆளோட வரி, தெரிஞ்சப்புறமும் பயந்துக்கிட்டு வாய மூடிக்கிட்டேன் என்றேன்.

திட்டுவாள், அடிப்பாள் என்றுகூட நினைத்துப் போயிருந்தேன். இஸ்திரி மேஜையின் துணியைத் தடவிவிட்டாள். அப்ப அவர் எங்கிட்ட எதையும் மறைக்கலையா என்று கேட்டாள். மறைக்க ஒண்ணுமே இல்லக்கா என்றேன். திரும்பவும் கேட்டாள், திரும்பவும் சொன்னேன். பிறகு எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷமா அந்த மனுஷன்கிட்ட மனசுக்குள்ள கூட ஒரு வார்த்த பேசினதில்ல நான், நீங்க கிளம்புங்க, எனக்கு அவர்கிட்ட கொஞ்சம் பேசணும் என்றாள்.

வாசலில் செருப்பை மாட்டாமலே கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.

உன் வெல்டருக்கும் ஒரு வீடு இருக்கும் கண்ணு. அந்தப் பத்தியில் இருப்பதை யார் சொன்னார்கள் என்று போய்க் கேள். சொன்னவர் இருந்தால் அவர் பெயரைப் போடு, ஒருவரும் இல்லையென்றால் எடுத்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு. உன் மேலதிகாரி முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, வாண்டுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், நிம்மதியாத் தூங்கணும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது, மறந்துவிடாதே.

இந்தக் கடிதத்தில் உள்ள எல்லாவற்றையும் சொன்னவள்,
உன் அம்மா