மீசைக்காரர் வேண்டாம்

ஏப்ரல் 8, செவ்வாய்

நாள் முழுக்க ஆவக்காயோடு மல்லுக்கட்டு. நிஜ ஆவக்காய் என்றால் சந்தோஷமாகக் கட்டலாம். இது படம். ராஜ்யலக்ஷ்மி காருவின் ஊறுகாய்க் கம்பெனி லேபிளும் விஜயவாடா பென்ஸ் சர்க்கிள் விளம்பர ஹோர்டிங்கும் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்திருக்கின்றன. ஃபோட்டோ எடுக்க மாங்காயே இன்னும் சரியாக இறங்கவில்லை, ஏஐயில் போட்டுவிடலாம் என்றார் முதலாளி குடும்பராவ் காரு. போடலாம். என்ன படம் வேண்டுமென்று அதற்குப் பிராம்ப்ட் எழுதி உயிரை விடுவது யார்? இந்த ஸ்ரவந்திதான்.

‘ஆவக்காய் கலக்கும் ஆந்திரப் பெண்’ என்று எழுதினால், மேஜை முன்னால் நின்று ஒருத்தி ஆப்பிள் நறுக்குகிறாள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தரையில் உட்கார வேண்டும். கைக்கு ஐந்தே விரல் வேண்டும், மெஷின் இஷ்டத்துக்கு ஆறு போடுகிறது. மாங்காய்த் துண்டில் கொட்டையின் ஓடு தெரிய வேண்டும். பாதி பழுப்பு, பாதி வெள்ளைப் பீங்கான் ஜாடி. நல்லெண்ணெய் மினுங்கும் சிவப்பு. கசங்கின பருத்திச் சேலை, கிழக்கு ஜன்னல் வெயில். சாயங்காலம் ஒரு படம் வந்தது பாருங்கள், எனக்கே நாக்கில் நீர் ஊறிவிட்டது.

அவள் பின்னால் ஒரு மீசைக்காரர் கை கட்டி நிற்கிறார். யாரென்று தெரியவில்லை. நான் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 9

ராஜ்யலக்ஷ்மி காரு படத்தைப் பார்த்ததும் போன். “எல்லாம் பிரமாதம்மா. யாரு இந்த ஆளு? ஊறுகா போடற எடத்துல மீசைய முறுக்கிக்கிட்டு இவனுக்கு என்ன வேலை? மொதல்ல வெளிய அனுப்பு.”

‘சமையலறையில் மீசைக்காரர் வேண்டாம்’ என்று பிராம்ப்டில் சேர்த்தேன். இரண்டடி முன்னால் வந்து நின்றார்.

ஏப்ரல் 10

‘மீசைக்காரர் கண்டிப்பாக வேண்டாம்.’ — இப்போது இரண்டு பேர்.

ஏப்ரல் 11

ஜாடிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறார்.

குடும்பராவ் காருவுக்கு ஒரே கொண்டாட்டம். “என்னம்மா, வீட்டுக்காரர நெனச்சுக்கிட்டே எழுதறீங்களா?” என்கிறார். எங்கள் வீட்டுக்காரருக்கு மீசை கிடையாது சார், மழுமழு முகம் என்றேன். “அப்ப யாரை நெனச்சீங்க?” — ஆபீஸே கைதட்டியது. மானம் போகிறது.

ஏப்ரல் 12, சனி

மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் கிரிதர் பேசினார். மீசைக்காரர் கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். “ஏங்க, நீங்க மட்டும் மீசை வெச்சுத் தொலைக்காதீங்க, அந்த மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு” என்றேன். எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்துப் பேசி!

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். கம்பெனி இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறதாம். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். “என்ன பண்ணட்டும் ஸ்ரவந்தி?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வா என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: “உங்க இஷ்டம். எனக்காகல்லாம் வேலைய விட்டுட்டு வர வேண்டாம்.”

“சரி” என்றார். அவ்வளவுதான். அந்த மனுஷனுக்கு ஒரு ‘சரி’யில் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு வந்த கோபத்தில் பருப்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அதைத் தின்னவும் நான்தான்.

ஏப்ரல் 15

ராஜ்யலக்ஷ்மி காரு கெடு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் மீசை போகாவிட்டால் வேறு ஸ்டூடியோ.

கிரிதர் கேட்டார், “அப்ப கையெழுத்துப் போட்டுடவா?” “நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?” என்று கேட்டு வைத்தேன். என் வாயில் மண்ணைப் போட.

ஏப்ரல் 17, வியாழன்

பிடித்துவிட்டேன்! இந்த மெஷினுக்கு ‘வேண்டாம்’ காதிலேயே ஏறுவதில்லை. மீசை என்று எழுதினால் மீசைதான். எத்தனை தடவை விரட்டினேனோ அத்தனை தடவை நானேதான் பேர் சொல்லி அழைத்திருக்கிறேன். அவர் மேல் என்ன தப்பு, பாவம்.

மீசை என்ற சொல்லையே எடுத்தேன். அவர் நின்ற இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதினேன்: சுவரில் தொங்கும் பூண்டுக் கொத்து, அதன் கீழே தூங்கும் சாம்பல் பூனை. வந்தது. பூண்டு, பூனை, வெயில், அந்தப் பெண். வேறு யாரும் இல்லை.

“அப்பாடா! இத மொதல்லயே கேட்டிருந்தா குடுத்திருக்குமேம்மா” என்றார் ராஜ்யலக்ஷ்மி காரு. ஹோர்டிங் நம்முடையது. மீசைக்காரரை வழியனுப்ப ஆபீஸில் மிர்ச்சி பஜ்ஜி வாங்கினார்கள். குடும்பராவ் காருவுக்கு உண்மையிலேயே கொஞ்சம் வருத்தம்.

ஏப்ரல் 18

நேற்றிலிருந்து அந்த வார்த்தை குடைகிறது. முதலிலேயே கேட்டிருந்தால்.

மெஷினுக்கு ‘வேண்டாம்’ கேட்பதே இல்லை. கிரிதருக்கோ ‘வேண்டாம்’ மட்டும்தான் கேட்கிறது. நான் இவரிடம் இந்த மூன்று வருஷமாக என்ன சொல்லியிருக்கிறேன்? பண்டிகைக்கு அலைய வேண்டாம். ஜுரம்தான், கவலைப்பட வேண்டாம். எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்த மனுஷனும் சொன்னபடியே கேட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறார். பூனை, பூண்டு என்று மெஷினுக்கு உட்கார்ந்து எழுதத் தெரிகிறது. கட்டினவரிடம் ‘வாங்க’ என்று சொல்ல வாய் வரவில்லையே எனக்கு!

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுதி அனுப்பிவிட்டேன். இங்கே ஒரு பிரதி:

‘விஜயவாடா, மே மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. நம் வீட்டுச் சமையலறை. கிழக்கு ஜன்னல் வெயில். தரையில் பேப்பர், பேப்பர் மேல் வெட்டின மாங்காய். பக்கத்தில் சம்மணம் போட்டு ஒரு ஆண், வயது முப்பத்தெட்டு, லேசான தொப்பை, நீலக் கட்டம் போட்ட பழைய சட்டை, ஒவ்வொரு துண்டாகத் துணியால் துடைக்கிறார். எதிரில் அவர் மனைவி, கையெல்லாம் மிளகாய்ப்பொடி, சிரிக்கிறாள். அவர் பெட்டி பரண் மேல். அங்கேயே இருக்கிறது, எப்போதும்.

குறிப்பு: இந்தப் பெண் இனி வேண்டாம் என்றால் வேணும் என்று படிக்கவும்.’

ஏப்ரல் 21

படித்துவிட்டார். நீல டிக் தெரிகிறது. பதில் இல்லை.

ஏப்ரல் 22

இல்லை. ஐயோ, அனுப்பியிருக்க வேண்டாமோ — பார், மறுபடி வேண்டாம்! சும்மா இரு ஸ்ரவந்தி.

ஏப்ரல் 23

காலையில் பல் துலக்கும்போது வந்தது, ஒரே வரி. “படம் தயாராகிக்கொண்டிருக்கிறது. சற்றுப் பொறுக்கவும்.”

பிரஷ்ஷோடு உட்கார்ந்து அழுதேன். பேஸ்ட் நுரையோடு அழுவது பார்க்கச் சகிக்காது. நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

மே 18, ஞாயிறு

மாங்காயைச் சந்தையிலேயே வெட்டி வாங்கி வந்தோம். வந்தோம்! பெட்டிகள் பரண் மேல் ஏறிவிட்டன. கிழக்கு ஜன்னல் வெயிலில் சம்மணம் போட்டு, துண்டு துண்டாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நீலக் கட்டம் சட்டை தேடி எடுத்துப் போட்டிருக்கிறார், பட்டன்தான் தொப்பையில் திணறுகிறது. “வெரலு அஞ்சுதான், எண்ணிப் பாத்துக்கோ” என்று கையை வேறு நீட்டுகிறார்.

எல்லாம் எழுதியபடியே. மூக்குக்குக் கீழே மட்டும், கன்னம் வரைக்கும், ஒரு மீசை. நேற்று கன்னவரம் ஏர்போர்ட்டில் அடையாளம் தெரியாமல் அவரைத் தாண்டிப் போய்விட்டேன்.

“மீசை வெக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்ன. வேண்டாம்னா வேணும்னு படிக்கணும்னும் நீதான எழுதின?”

சமையலறையில் மீசைக்காரர். ராஜ்யலக்ஷ்மி காரு பார்த்தால் என்ன சொல்வாரோ!

கலந்து ஜாடியில் போட்ட பிறகு, பாத்திரத்தில் ஒட்டியிருந்த காரத்தில் சுடுசோறு போட்டுப் பிசைந்து உருட்டிக் கொடுத்தேன். மீசையெல்லாம் சிவப்பு எண்ணெய். “தொந்தரவுதான். மழிச்சிடட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம்” என்றேன். சொன்ன பிறகு திக்கென்றது. அவசரமாகத் திருத்திச் சொன்னேன்: “இருக்கட்டும்.”