கல்கண்டு சுமந்த ராஜா

சம்பந்தி அம்மாவுக்கு,

இன்று காலை அலமாரியின் மேல்தட்டைத் துடைக்கப் போனபோது ஜூபிலி கப்பு கையில் வந்தது. அதன் வாயை ஒரு சின்னத் தட்டால் மூடி வைத்திருந்தேன். தட்டை எடுத்ததும் எள்ளு வாசம் மூக்கில் ஏறியது. போன சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொப்பரையும் நிலக்கடலையும் கலந்து, உங்கள் பேட்டை வழக்கப்படி, இதில்தான் நிரப்பிக் கொடுத்தனுப்பினீர்கள். பண்டம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இருக்கும் வீட்டில் பண்டம் எத்தனை நாள் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசம் மட்டும் தீரவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து மாதங்கள் ஆகின்றன. கப்பு என்னிடமே நிற்கிறது. முறைப்படி பார்த்தால் இப்போது நிரப்பி அனுப்ப வேண்டியவள் நான். யாருக்கு அனுப்புவது?

அதைக் கேட்கத்தான் காகிதத்தை எடுத்தேன். நான் எழுதுகிறேன் என்றால் நீங்கள் விடுவீர்களா? "மூணாங்கிளாஸு பேனா புடிச்சிடுச்சு, துணியெல்லாம் எடுங்க, மழை வரும்" என்று சொல்லியிருப்பீர்கள். சொல்லுங்கள். அந்த மூணாங்கிளாஸ் எனக்குக் கொடுத்த ஒரே சொத்து இந்தக் கப்புதான்.

அப்போது எங்கள் அல்சூர் இருக்கும் தண்டு, அந்தப் பட்டாளத்து ஊர், வெள்ளைக்காரன் கையில் இருந்தது. பழைய ஊரான உங்கள் பேட்டை, மகாராஜா கையில் இருந்தது. நடுவில் ஒரு பூங்கா. இந்தப் பக்கம் ஒரு ராஜா, அந்தப் பக்கம் ஒரு ராஜா. எங்கள் ராஜா பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு அல்சூர் பிள்ளைகளை எல்லாம் வெயிலில் வரிசையாக நிற்கவைத்தார்கள். பேண்டு வாசித்தார்கள். எங்களுக்குப் புரியாத பாட்டை எங்களையே பாடவைத்தார்கள். பாட்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு லட்டு, ஒரு எனாமல் கப்பு. கப்பின் மேல் ராஜாவும் ராணியும், தலைக்கு மேல் கிரீடம், இரண்டு பக்கமும் கொடி, விளிம்பில் தங்கக் கோடு. கடைகளில் பிஸ்கட் டின்னில் ராஜா, தீப்பெட்டியில் ராஜா, காலண்டரில் ராஜா. ஒருவர் ஒரு நாற்காலியில் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்ததற்கு இவ்வளவு. அடுத்த மாதமே தம்பியைப் பார்த்துக்கொள்ள என்னை வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். கப்பு மட்டும் மிஞ்சியது. அதில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவ்வளவு அழகு.

இதையெல்லாம் நீங்கள் பத்துப் பதினைந்து முறையாவது கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும், "எங்க மகாராஜாவுக்கு ஆனை வந்துச்சு. உங்க ராஜாவுக்கு பேண்டுதானே?" என்று ஒரு சாவிக் கொத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டுவீர்கள். அந்தக் கொத்தில் சாவிகளோடு ஒரு மெடல் தொங்கும். உங்கள் மகாராஜாவின் வெள்ளி விழாவுக்குப் பள்ளியில் கொடுத்தது. ஒரு பக்கம் மகாராஜா முகம், மறுபக்கம் இரட்டைத் தலைப் பறவை. சாவியோடு உரசி உரசி மகாராஜாவுக்கு மூக்கே இல்லாமல் போயிருந்தது. "மூக்கில்லாத ராஜாவுக்கு இத்தனை பவுசா?" என்று நான் கேட்டால், "மூக்கு போனாலும் அலமாரிச் சாவி எங்க ராஜா கிட்டதான்" என்பீர்கள்.

என் மகளின் நிச்சயத்தை நினைத்துப் பார்க்கிறேன். என்ன நாள் அது! வீட்டில் இருந்ததிலேயே அழகான பாத்திரம் எதுவோ அதில்தானே கல்கண்டு வைக்க வேண்டும்? எவர்சில்வர் வாங்க வக்கில்லை. கப்பை எடுத்தேன், புதுசு போல் துடைத்தேன், கல்கண்டை விளிம்பு வரை நிரப்பினேன், பூவுக்கும் பழத்துக்கும் நடுவில் வைத்தேன். ராஜா முகம் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கட்டும் என்று திருப்பி வேறு வைத்தேன். எனக்கு அன்றைக்கு அதுதான் மரியாதை. உங்கள் கொழுந்தனார், நம் சின்ன சம்பந்தி, கதர்ச் சட்டையோடு தட்டுக்கு நேரே வந்து உட்காருவார் என்று யார் கண்டது? அவர் கொடி பிடித்து உள்ளே போய் வந்தவர் என்று தரகர் சொல்லியிருந்தார். அது என் காதில் விழுந்ததே ஒழிய கப்பு வரைக்கும் எட்டவில்லை.

அவர் குனிந்து பார்த்தார்.

"என்னங்க இது? யாரு மூஞ்சி?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க ராஜாங்க" என்றேன்.

"உங்க ராஜாவா? சுதந்திரம் வந்து இத்தனை வருஷமாச்சு, உங்க தண்டுக்கு இன்னும் தந்தி வரலியா? இந்த மூஞ்சிய வெரட்டத்தானே நாங்க லத்தியடி வாங்கினோம்! இத நடுவுல வெச்சு எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்கறீங்களா?" துண்டை உதறித் தோளில் போட்டார். "எழுந்திரிங்கண்ணா, போலாம்."

உங்கள் வீட்டுக்காரர் தம்பி பேச்சைத் தாண்டாதவர். பாயிலிருந்து பாதி எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர் தாம்பூலத் தட்டைப் பிடித்தபடி சிலையாக நின்றார். கதவுக்குப் பின்னால் என் மகளின் வளையல் சத்தம் நின்றுபோனது. ஏற்கெனவே ஒரு இடம் வாசல் வரை வந்து திரும்பிப் போயிருந்தது. இதுவும் போனால் தெருவில் என்ன பேசுவார்கள், யார் மறுபடி வருவார்கள்?

நீங்கள் மட்டும் எழவில்லை. கையை நீட்டிக் கப்பிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டீர்கள். கடிக்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "எனக்கு வாயில இனிப்பு இருக்கு தம்பி. கரையறதுக்குள்ள எப்படி எழுந்திரிக்கறது?" என்றீர்கள்.

"அண்ணி, வெளையாடாதீங்க."

"யாரு வெளையாடறா?" இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தீர்கள். மெடலைத் தூக்கிக் காட்டினீர்கள். "இது யாரு?"

"நம்ம மகாராஜா."

"இவரு வேணாம்னும் நீங்க கொடி புடிச்சீங்க. சரிதான், புடிக்க வேண்டியதுதான். ஆனா ஊர்வலம் முடிஞ்சு பசியோட வந்தா, இவரு தொங்கற சாவியாலதானே அலமாரியத் தொறந்து உங்களுக்குச் சாப்பாடு எடுத்து வெச்சேன்? ஒரு நாளாவது வேணாம்னீங்களா?"

அவர் துண்டின் நுனியைத் திருகினார்.

"பாவம் தம்பி, ரெண்டு ராஜாவுக்கும் வேலை போயிடுச்சு. நம்ம வீட்டுல ஆளுக்கொரு வேலை குடுத்திருக்கோம். ஒருத்தர் சாவி சுமக்கறாரு. ஒருத்தர் கல்கண்டு சுமக்கறாரு. வெரட்டறதவிட இது நல்லா இல்லியா? ஆயித்து, உக்காருங்க."

முதலில் சிரித்தது உங்கள் வீட்டுக்காரர். அந்த மனிதருக்குப் பல் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சிரித்தபடியே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் உட்கார்ந்த பிறகு தம்பி மட்டும் எப்படி நிற்பார்? உட்கார்ந்தார். ஆனால் சிரிக்கவில்லை, கல்கண்டைத் தொடவுமில்லை. தட்டு மாறியது. வளையல் சத்தம் மறுபடி கேட்டது.

படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மேடைப் பேச்சுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கல்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒரு கல்யாணத்தைத் தாங்கிப் பிடித்தவரை உங்களைத் தவிர நான் பார்த்ததில்லை. அவரையும் நீங்கள் குறைத்துப் பேசவில்லை, என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்கும் இந்த வீட்டில் சண்டை மூண்டால் நான் முதலில் டப்பாவைத் திறந்து எதையாவது வாயில் போட்டுக்கொள்கிறேன். சண்டை குறைந்ததோ இல்லையோ, நான் பெருத்துவிட்டேன். அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

கப்பு சீரோடு உங்கள் வீட்டுக்குப் போனது. பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று அந்த ஆடியிலேயே எலுமிச்சை ஊறுகாய் நிரப்பி அனுப்பினீர்கள். பார்த்தால் ராணியின் நெற்றியில் குங்குமம். "சுமங்கலிய பொட்டில்லாம எப்படி அனுப்பறது?" என்றீர்களாம். நான் தீபாவளிக்கு அதிரசம் வைத்து அனுப்பினேன். சங்கராந்திக்கு எள்ளு வெல்லத்தோடு திரும்பி வந்தது. இப்படியே பேட்டைக்கும் அல்சூருக்கும் அது பஸ் ஏறிப் போய்ப் போய், ராஜா தன் காலத்தில் பார்க்காத ஊரையெல்லாம் பார்த்துவிட்டார். உங்கள் வீட்டில் இருக்கும் நாட்களில் சின்ன சம்பந்தி அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார், நீங்கள் போகிற போக்கில் நேரே திருப்புவீர்கள் என்று என் மகள் வந்து சொல்வாள். ஒரு நாளும் அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லையாம்.

ஒரு நாள் உங்கள் சமையலறையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்தபடி நான் சொன்னேன்: "எனக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆகப்போவுது சம்பந்தி. அடுப்ப விட்டு ஒரு நாள் எழுந்திருக்கல. நமக்கு எவன் கப்பு அடிப்பான்?"

நீங்கள் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தீர்கள். அடுத்த முறை கப்பு வந்தபோது உள்ளே பண்டம் இல்லை. ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்துப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தீர்கள். மேலே கிரீடம். கிரீடம் என்று நீங்கள் சொன்னதால் கிரீடம். எனக்கு அது கவிழ்த்த இட்லித் தட்டு போல்தான் இருந்தது. அதன் கீழே, "தண்டு மகாராணி, அடுப்புப் பட்டம், 25." வீட்டுக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்ப நான் யாரு, மந்திரியா?" என்றார். "மந்திரிக்கு இதுல காபி கெடையாது" என்றேன். சிரித்துவிட்டேன் சம்பந்தி. அப்புறம் அடுப்படிக்குப் போய் டம்ளரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அதை அன்றைக்கு உங்களிடம் சொல்லவில்லை.

இங்கே நிறுத்திவிட்டு எழுந்து போனேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

சம்பந்தி, யார் தெரியுமா? சின்ன சம்பந்திதான். தனியாகப் பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். காபி குடித்தார். மடித்த கதர்க் கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே புது ரூபாய் நாணயம். கதர் கட்டிய பொக்கை வாய்த் தாத்தா பிறந்து நூறு வருஷம் ஆனதற்கு அரசாங்கம் அடித்திருக்கிறதே, அது.

"நம்ம பேரன் பெரியவனாகற வரைக்கும் நீங்க வெச்சிருங்க. செலவு கிலவு பண்ணிடாதீங்க. இது ஞாபகத்துக்கு" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நாங்க ஒரு மூஞ்சிய வெச்சிருந்தா தந்தி வரலியான்னு கேப்பீங்க. நீங்க வெச்சா ஞாபகமா?" என்றேன்.

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அண்ணன் போலவே பல். "அண்ணி இருந்தா இதையேதான் கேட்டிருப்பாங்க" என்றார். சிரிப்பு நின்றதும் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

கிளம்பும்போது செருப்பில் காலை விட்டபடி கேட்டார்: "எங்க வீட்டுக்கு வர வேண்டிய கப்பு எங்க சம்பந்தி?"

"யாருகிட்ட அனுப்பறதுன்னுதான்..."

"சாவிக் கொத்து இப்ப உங்க பொண்ணு இடுப்புல இருக்கு. அண்ணிதான் அவ கையில குடுத்துட்டுப் போனாங்க. கப்பு வரலியேன்னு அவ ஒரு வார்த்த கேக்கல, ஆனா அலமாரியில அந்த எடத்துல வேற எதையும் வைக்கல."

இதை மகள் என்னிடம் சொல்லவில்லை. உள்ளே போனேன்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன கோடையில் உங்களுக்கும் ஒரு டம்ளர் வெட்டக் கொடுத்தேன். கிரீடம், கீழே "பேட்டை மகாராணி." பேர் வெட்டுகிறவர், "எத்தனை வருஷம்னு போடட்டும்மா?" என்று கேட்டார். "வருஷம் போடாதப்பா, அவங்க இன்னும் ஆட்சியில இருக்காங்க" என்றேன். டம்ளர் கடையில் இருக்கும்போதே சேதி வந்துவிட்டது. வாங்கி வந்து பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தவள்தான், இன்றைக்குத்தான் எடுத்தேன்.

அதில் நிறையக் கல்கண்டு போட்டுக் கப்புக்குள் வைத்தேன். ராணிக்குப் பொட்டு வைத்தேன். சின்ன சம்பந்தி டம்ளரை வெளியே எடுத்து எழுத்தைப் படித்தார். வருஷம் எங்கே என்று கேட்கவில்லை. மேலேயிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சம்பந்தி, அவர்தான்! கப்பைத் துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துப் போங்க, பஸ்ஸுல கூட்டமா இருக்கும்" என்றேன்.

பதில் சொல்ல முடியாமல் கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் படி இறங்கினார்.

என் டம்ளரில் காபி ஊற்றிக்கொண்டு வந்து இதை முடிக்கிறேன். கப்பு வந்து சேர்ந்ததா என்று மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இனி உங்கள் முறை.