கட்டைவிரலுக்குப் பின்னால் பல்பு

அண்ணி,

இன்று பரண்மேல் இருந்த பழைய பட்டு நூல் மூட்டையைப் பிரித்தபோது முதலில் கண்ணில் பட்டது காய்ந்த தர்ப்பைப் புல் ஒன்று. ஒரு நோட்டுக்குள்ளிருந்து அதன் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கிரகணத்தன்று தண்ணீர்க் குடத்தின்மேல் அம்மா போடும் அதே புல். நோட்டுக்குள் இதற்கென்ன வேலை என்று சந்தேகப்பட்டேன். எதிலும் எனக்கு முதலில் வருவது அதுதான். உங்களுக்குத் தெரியாததா?

அந்தக் கிரகணம் தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் வந்தது. உங்களுக்கு ஏழாம் மாதம். தறியை நிறுத்தியிருந்தார்கள். ராட்டினத்தில் பாதி சுற்றிய பட்டு நூலை நான் அறுக்காமல் அப்படியே விட்டிருந்தேன். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்த நேரத்தில் நூலை அறுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது அம்மாவின் கண்டிப்பு. உங்களை உள்ளறையில் படுக்கவைத்து, என்னைக் கதவருகே காவல் வைத்தார்.

எட்டாவதோடு பள்ளியை விட்டிருந்தேன். யாரிடமும் பேச வெட்கம். பேசாதவளுக்குக் காது மட்டும் நன்றாக வேலை செய்யும். உள்ளே உங்கள் குரல் தாழ்ந்து கேட்டது. இங்கிலீஷில் ஒரு வரி சொன்னீர்கள், நிறுத்தினீர்கள், மறுபடி ஒரு வரி. அந்தப் பக்கம் யாரோ பதில் சொல்வதற்கு இடம் விடுவதுபோல் இருந்தது. கதவைத் திறந்தேன். காதில் ஒயர், கையில் ஃபோன்.

"யார்கிட்ட அண்ணி பேசிகினு இருக்கீங்க?"

"யார்கிட்டயும் இல்லடி. இங்கிலீஷ் பாடம். அது ஒரு வரி சொல்லும், நான் திருப்பிச் சொல்லணும். இன்னிக்கு கிரகணம்தான் பாடம். வா, காட்டறேன். ஒரு கண்ண மூடிக்கோ. கட்டவிரல இன்னொரு கண்ணாண்ட வெச்சி பல்பப் பாரு. தெரியுதா?"

"தெரியல."

"அவ்ளோதான். நெலா சின்னது, ஆனா கிட்ட கீது. சூரியன் எம்மாம் பெருசு, ஆனா ரொம்ப எட்ட கீது. நெலா குறுக்க வந்து நின்னா மறைச்சிடும். பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. பல்ப முழுங்கினியே, நீதான் ராகு."

கூடத்திலிருந்து அம்மா, "இன்னாடி சிரிப்பு அங்க? கம்முனு படுக்கச் சொல்லு அவள" என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் நம்பவில்லை. பாடம் படிக்கிறவர் ஏன் குரலைத் தாழ்த்த வேண்டும்? கிரகணம் விட்டதும் வீட்டைக் கழுவிவிட்டோம். எல்லோரும் குளித்தோம். பிறகு, நீங்கள் ஃபோனில் யாரிடமோ பேசுகிறீர்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் உங்களிடம் ஃபோனைக் கேட்டார். யார் சொன்னது என்று நீங்கள் கேட்கவில்லை, கொடுத்துவிட்டீர்கள். அதில் பாடத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்று அண்ணனே அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். ஆனாலும் அவர் அதைத் திருப்பித் தரவில்லை. நானும் தரச் சொல்லவில்லை.

அதன்பிறகு உங்கள்மேல் வேறொரு சந்தேகம் வந்தது. சொன்னது நான்தான் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தலை பின்னிவிடும்போது தெரிந்துதான் பின்னுகிறீர்களா, தெரியாமலா? குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து என் தட்டில் போட்டால், ஏன் எனக்கு என்று பார்ப்பேன். பாப்பா நடக்கத் தொடங்கிய மாதம் உங்களுக்குக் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி இரண்டு நாளும் பக்கத்தில் நான்தான் இருந்தேன். அப்போதும் கேட்கவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் பாப்பாவுக்கு ஊசி போட்ட நாட்களை எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஃபோன் போய் வெகுநாள் கழித்து எழுதியது. தர்ப்பை வைத்த பக்கத்தில் கிரகணப் பாடம் இருந்தது. இங்கிலீஷ் வரிகள், எனக்குப் படிக்க வரட்டும் என்றோ என்னவோ, தமிழ் எழுத்தில். ஒரு வரிக்கு எதிரே 'கேள்வி – நான்', அடுத்த வரிக்கு எதிரே 'பதில் – தேவி' என்று பக்கம் முழுக்க மாறி மாறி இருந்தது. என் பெயருக்கு எதிரே எல்லா வரியும் எழுதி முடித்திருந்தீர்கள்.

ஏன் அண்ணி என்னிடம் காட்டவில்லை? நான் எதையும் நம்பமாட்டேன் என்றா?

பாப்பா நோட்டைப் பிடுங்க வந்தாள். விளக்கைப் போட்டேன். அவளை மடியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டினேன்.

"தி மூன் இஸ் ஸ்மால். பட் இட் இஸ் நியர்" என்று என் வரியைச் சத்தமாகப் படித்தேன்.